இரவல் நடை

"ஏ ஆமை, இங்க வா. கதவைச் சாத்து."

"சாத்தக் கூடாதுக்கா. நர்ஸ் திட்டுவாங்க."

"அப்ப திரையை இழு."

இளையவள் கட்டிலைச் சுற்றியிருந்த துணித் திரையை இழுத்தாள். புது முட்டி வைத்த காலைத் தலையணைமேல் போட்டுக்கொண்டு மூத்தவள் மல்லாந்து கிடந்தாள். அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள் அவர்கள். மூத்தவளுக்கு எதுவும் நினைத்த மாத்திரத்தில் முடிய வேண்டும். இளையவள் எதையும் ஆற அமரச் செய்கிறவள். காய் நறுக்க உட்கார்ந்தால் அடுத்த வேளைக்குத்தான் எழுந்திருப்பாள் என்று சொல்லிச் சொல்லியே மூத்தவள் அவளுக்கு ஆமை என்ற பெயரை நிலைக்க வைத்துவிட்டாள். வீட்டுப் பிள்ளைகளுக்கும் அவள் ஆமைச் சித்திதான்.

"இந்தப் பட்டையைக் கழட்டு."

"எந்தப் பட்டை?"

"என் கணுக்கால்ல மாட்டியிருக்காங்களே, இது. உன் கால்ல மாட்டிக்கிட்டு வராந்தால நாலு தரம் போயிட்டு வா."

"ஐயோ அக்கா! நீங்க நடக்கறீங்களான்னு பார்க்கறதுக்குத்தானே அதை மாட்டியிருக்காங்க!"

"அது தெரியாமயா சொல்றேன்? நேத்து அந்த வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு பாத்ரூம் வாசல் போறதுக்குள்ள அழுதுட்டேன்டி. எதிர்க் கட்டில்காரர் பொண்டாட்டி வேடிக்கை பார்த்துக்கிட்டே ஆரஞ்சு உரிக்கறா. என் மானமே போச்சு. முட்டி கொஞ்சம் ஆறட்டும், நானே நடக்கறேன். அதுவரைக்கும் அந்த ஜோசியக்காரி வாயை அடைக்கணும்."

ஜோசியக்காரி என்று அவள் சொன்னது, அந்த வார்டு நோயாளிகளின் துடிப்பையும் மூச்சையும் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்காரப் பெண்ணை. ஆபரேஷன் முடிந்த மறுநாளே அவள் வந்து பொறுமையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"உங்களுக்கு ரெண்டு பக்கமும் ஆபத்து இருக்குங்கம்மா. அசையாமக் கிடந்தா கால்ல ரத்தம் கட்டியா உறையும். அது பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போச்சுன்னா மூச்சு முட்டும். உறையாம இருக்க ஊசி போடறோம். ஆனா உங்க வயித்துப் புண்ணு ஏற்கனவே ஒரு தடவை கசிஞ்சிருக்கு. ஊசி ஜாஸ்தியானா மறுபடியும் ரத்தம் போகும். எது வரப்போகுதுன்னு வர்றதுக்கு முன்னாடியே சொல்லத்தான் இதெல்லாம். நெஞ்சுல ஒட்டினது துடிப்பைப் பார்க்கும், விரல்ல மாட்டினது ஆக்சிஜனைப் பார்க்கும், கால் பட்டை நடையைப் பார்க்கும். எல்லாத்தையும் சேர்த்து மெஷின் பச்சை, மஞ்சள், சிவப்புன்னு காட்டும். நீங்க நடக்க நடக்க ஊசியைக் குறைச்சுக்கலாம்."

"வரப்போறதைச் சொல்றியா? அப்ப நீ ஜோசியக்காரின்னு சொல்லு" என்று மூத்தவள் அப்போதே பெயர் வைத்துவிட்டாள். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

இளையவள் பட்டையைத் தன் காலில் மாட்டிக்கொண்டு, புடவையைத் தாழ இழுத்துவிட்டாள். வராந்தாவின் கோடி வரை போனாள், வந்தாள். எதிரே வந்த துப்புரவுக்காரம்மா, "யாருக்கும்மா இவ்வளவு அவசரம்?" என்று கேட்டபோது சுவரைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். திருடிய செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பதுபோல் இருந்தது.

அடுத்த நாள் காலை எலும்பு டாக்டர் திரையைப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார்.

"இந்த வயசுல இந்த நடையா! வார்டுலயே நீங்கதாம்மா முதல்."

"சின்ன வயசுலேர்ந்தே எனக்கு வேகம் ஜாஸ்தி, டாக்டர். வேணும்னா இவளைக் கேளுங்க" என்றாள் மூத்தவள்.

இளையவளுக்குக் காது மடல் சுட்டது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னொரு அதிசயம் டாக்டர், இவ்வளவு நடந்தும் துடிப்பு ஏறவே இல்ல. ரொம்ப நல்ல இதயம்" என்றாள் ஜோசியக்காரி.

"எங்க வீட்டுல யாரும் அப்படிச் சொன்னதில்லம்மா" என்றாள் மூத்தவள். எல்லாரும் சிரித்தார்கள்.

"ஊசியைப் பாதியாக் குறைச்சிடலாம்" என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். திரையில் ஓடும் கோட்டுப் படத்தில் பச்சை தெரிந்ததால் நடைப் பயிற்சி கொடுக்கிறவரும் இந்தக் கட்டிலைத் தாண்டி, நடக்க மறுக்கிறவர்களிடம் போய்விட்டார்.

"பார்த்தியா? வயித்துல குத்தறது பாதியாச்சு. ஆமையாலயும் ஒரு பிரயோஜனம் இருக்கு."

இளையவள் தம்ளரைக் கழுவுவதுபோல் திரும்பிக்கொண்டாள். காது இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. அது வெட்கம் மட்டுமல்ல என்று அவளுக்கே தெரிந்தது. அந்த வீட்டில் அவள் செய்த எதையும் யாரும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. முடிந்ததா என்றுதான் கேட்பார்கள். இப்போது ஒரு டாக்டர், படித்த ஒரு பெண், இரண்டு நர்ஸ்கள் எல்லாரும் அவள் காலைப் பார்த்து வியந்திருக்கிறார்கள். அது அவள் கால் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு மூத்தவள் சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை. இளையவளே பட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"எங்கடி மறுபடியும்? போதும், தண்ணி குடுத்துட்டுப் போ."

"வந்து தரேன்க்கா."

"உனக்கா எனக்கா ஆபரேஷன்?"

நடந்துவிட்டு வரும்போது நர்ஸ் மேஜைமேல் இருந்த திரையை எட்டிப் பார்ப்பதும் பழக்கமாகிவிட்டது. பச்சைக் கோடு ஏறியிருந்தால் மனசுக்குள் ஒரு குளிர்ச்சி. இறங்கியிருந்தால் இன்னும் ஒரு நடை.

ஒரு நாள் ஜோசியக்காரி வந்து, "அம்மா, நாளைக்குக் காலைல வேற ஆஸ்பத்திரி டாக்டர்கள் எங்க வேலையைப் பார்க்க வர்றாங்க. உங்க படத்தைக் காட்டட்டுமா? இருக்கறதுலயே இதுதான் அழகா இருக்கு" என்று அனுமதி கேட்டாள்.

"தாராளமா காட்டு. நல்ல புடவை கட்டிக்கலாமா, இல்ல இந்தக் கோணி மாதிரி அங்கியிலயே கிடக்கணுமா?"

அன்று சாயங்காலம் மூத்தவள் மெதுவாகக் கூப்பிட்டாள்.

"ஏண்டி, கெண்டைக்கால்ல யாரோ முறுக்கிப் பிழியற மாதிரி இருக்கு. பாரேன்."

இளையவள் போர்வையை விலக்கித் தொட்டுப் பார்த்தாள். சதை இறுகிக் கிடந்தது. மற்றக் காலைவிடத் தடித்திருந்தது, சுட்டது.

"அக்கா, கெண்டைக்கால் வலிச்சா உடனே சொல்லணும்னு நர்ஸ் சொன்னாங்களே."

"சொன்னா, பட்டையைப் பார்ப்பாங்க. இப்படி நடக்கறவளுக்கு எப்படி வலின்னு கேட்பாங்க. என்னடி சொல்றது? நாளைக்கு அவங்க வந்துட்டுப் போகட்டும். ஒரே பக்கமாப் படுத்ததுல பிடிச்சிருக்கும்."

"ஆமாங்க்கா. படுத்ததுலதான் இருக்கும்" என்றாள் இளையவள். சொன்ன வேகம் அவளுக்கே திக்கென்றது. ஆமை என்று பெயர் வாங்கியவள், அந்த ஒரு பதிலை மட்டும் நொடியில் சொல்லிவிட்டாள்.

மறுநாள் விருந்தாளி டாக்டர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஜோசியக்காரி தன் கைத்திரையைப் பெரிய திரையோடு இணைத்திருந்தாள். மூத்தவளின் நெற்றி முழுக்க வியர்வை. உதட்டை மடித்துக்கொண்டு சிரித்த முகமாக இருந்தாள்.

"இங்க பாருங்க. இப்ப இவங்க துடிப்பு ஏறியிருக்கு, ஆக்சிஜன் லேசா இறங்கியிருக்கு. பழைய மெஷினா இருந்தா இதுக்கே கத்தும். எங்களுது கத்தாது. ஏன்னா இவங்க காலைல நல்லா நடந்திருக்காங்க, அதனாலதான் துடிப்புன்னு இதுக்குத் தெரியும். பச்சையாவே வச்சிருக்கு பாருங்க."

விருந்தாளிகளில் ஒருவர், "கெட்டிக்கார மெஷின்தான்" என்றார்.

இளையவள் திரையைப் பார்க்கவில்லை. மூத்தவளின் கழுத்துக் குழியைப் பார்த்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் அது உள்ளே போய் வந்தது. காலையில் நடந்தது யார் என்று அவளுக்குத் தெரியும். மூத்தவள் கட்டிலைவிட்டு இறங்கவே இல்லை. பிறகு எதற்கு இந்தத் துடிப்பு?

போர்வைக்கடியில் மூத்தவளின் கை அவள் கையைத் தேடி வந்து அழுத்தியது. வாயைத் திறக்காதே என்ற அழுத்தல்.

"டாக்டர்" என்றாள் இளையவள். "டாக்டர், அது என் காலு."

"என்னம்மா?"

"அந்தப் படத்துல இருக்கறது என் நடை. அக்கா நடக்கல. நான்தான் பட்டையை மாட்டிக்கிட்டு நடந்தேன். இன்னைக்கு மட்டும் இல்ல, எல்லா நாளும்."

யாரோ ஒருவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். எதிர்க் கட்டில்காரர் மனைவி எழுந்து நின்று பார்த்தாள். ஜோசியக்காரியின் முகம் மட்டும் திரைக்கும் கட்டிலுக்குமாக ஒரு முறை போய் வந்தது. அடுத்த கணம் அவள் போர்வையை விலக்கிவிட்டாள். "டாக்டர், காலைப் பாருங்க" என்று கத்தினாள்.

அதற்குப் பிறகு யாருக்கும் இளையவளைத் திட்ட நேரமில்லை. கட்டிலையே உருட்டிக்கொண்டு ஓடினார்கள். காலில் ரத்தக் கட்டி, அதில் ஒரு துண்டு நுரையீரலுக்குப் போய்விட்டது என்று ஸ்கேன் சொன்னது. ரத்தத்தை இளக்கும் மருந்தை முழு அளவில் ஏற்ற வேண்டும். ஏற்றினால் வயிற்றுப் புண் என்ன செய்யும் என்று பார்த்துக்கொண்டே ஏற்ற வேண்டும்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே போட்டிருந்த நாற்காலியில் இளையவள் உட்கார்ந்திருந்தாள். மூத்தவளின் புருஷன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார்.

"குடிம்மா. மூச்சு கொஞ்சம் சீராயிருக்குன்னு சொல்றாங்க. வயித்துலயும் இதுவரைக்கும் கசிவு இல்லையாம்."

"அத்தான்..."

"அவ புத்தி எனக்குத் தெரியாதா? உன்னை மிரட்டித்தான் நடக்க வச்சிருப்பா. அத்தனை பேருக்கு முன்னாடி நீ வாயைத் திறந்தியே, அது பெரிய விஷயம். வலி வந்த உடனே நீ சொன்னதாலதான் பிழைச்சா. இந்த நன்றியை நாங்க மறக்க மாட்டோம்."

இளையவள் தம்ளரை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஜோசியக்காரி கைத்திரையோடு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது.

"அம்மா, உங்க நடையை எல்லாம் இதுலேர்ந்து பிரிச்சு எடுக்கணும். ஒண்ணொண்ணாக் காட்டறேன், உங்களுதா அவங்களுதான்னு சொல்லுங்க."

"எல்லாமே என்னுதுதான்மா. என்னைத் திட்டிடு. அமைதியாப் பேசாத."

"எந்த வாயால திட்டறது? இவ்வளவு நடந்தும் துடிப்பு ஏறலையேன்னு நான் கேட்டிருக்கணும். நல்ல இதயம்னு சொல்லிட்டு நின்னேன்." கைத்திரையை அவள் பக்கம் திருப்பினாள். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வலி எப்ப ஆரம்பிச்சது? அவங்களைக் கேட்டேன். இன்னைக்குக் காலைலதான்னு சொன்னாங்க."

ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து மூத்தவள் சொன்ன பொய் அது. தனக்காகச் சொல்லியிருக்க மாட்டாள், இளையவள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான். இளையவளுக்கு உடம்பு கூசியது. ஆமாம் என்று சொன்னால் போதும். அத்தானின் நன்றியும் அப்படியே இருக்கும்.

"காலைலன்னு போட்டா என்னம்மா ஆகும்?"

"நாம போடறதைப் பார்த்துத்தான் மெஷின் கத்துக்குது. அதுக்கு முந்தின நாள் எல்லாம் நல்லா இருந்ததுன்னு நினைச்சுக்கும். அடுத்த ஆளுக்கு இதே மாதிரி வந்தாலும் முந்தின நாள் எச்சரிக்காமத்தான் இருக்கும்."

"அப்ப காலைலன்னு போடாத. நேத்து சாயங்காலம்."

பிளாஸ்கை மூடிக்கொண்டிருந்த அத்தானின் கை நின்றது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தான். தொட்டுப் பார்த்தேன். சுட்டுது."

"அவ சொல்லக் கூடாதுன்னாளா?"

"சொன்னாங்க. ஆனா நான் சொல்லாம இருந்தது அதுக்காக இல்ல."

ஜோசியக்காரியின் விரல் கோட்டின்மேல் பின்னோக்கிப் போனது. "ஆமா, துடிப்பு அங்கயே ஏற ஆரம்பிச்சிருக்கு. ஆனா நடையும் அதே நேரத்துல ஏறியிருக்கே. இவ்வளவு நடை வேற எந்த நாளும் இல்ல. அதனாலதான் மெஷின் கண்டுக்கல." விரல் அங்கேயே நின்றது. "இதுவுமா நீங்க? வலின்னு தெரிஞ்சப்புறமா?"

"ஆமா."

"எதுக்கும்மா?"

"காலைல ஆளுங்க வர்றாங்கன்னு சொன்னியே. படம் நல்லா இருக்கட்டும்னு."

அத்தான் அவள் மடியிலிருந்த தம்ளரை எடுத்து, ஆறிப்போன டீயைக் கை கழுவும் தொட்டியில் கொட்டினார். பிறகு தீவிரப் பிரிவின் கண்ணாடிக் கதவருகே போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

ஜோசியக்காரி தயங்கினாள். "எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கம்மா" என்றாள் இளையவள். "அவர் நிக்கறாரேன்னு பார்க்காத. இன்னும் எதெல்லாம் கேட்கணுமோ கேளு."