தொட்டாச்சிணுங்கியின் காற்று

தொட்டாச்சிணுங்கி அந்நிய நாட்டில் விமானத்தை விட்டு இறங்கிய நாளிலிருந்து, அவள் எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்று அவள் முகத்துக்கு நேராகவே அடித்தது. பக்கத்தில் நிற்பவரின் தலைமுடி அசையாது, கையில் விரித்த செய்தித்தாள் மடங்காது. இவள் மட்டும் கண்ணை இடுக்கிக்கொண்டு, ஓடும் பேருந்தின் படியில் தொங்குகிறவள் மாதிரி நிற்பாள். வடக்கே திரும்பினால் வடக்கிலிருந்து, தெற்கே திரும்பினால் தெற்கிலிருந்து. கூரைக்குக் கீழே தொல்லை இல்லை. வாசலைத் தாண்டினால் போதும், காத்துக்கொண்டிருக்கும். அவளை அங்கே அழைத்துவந்த அண்ணன் வானிலை அலுவலகத்தில் புகார் சொன்னபோது ஓர் அதிகாரி கருவியோடு வந்தார். அவளைச் சுற்றிச் சுற்றி நடந்து அளந்துவிட்டு, "காத்துல ஒரு கோளாறும் இல்ல. இந்தம்மா நிக்கிற திசைதான் தப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவளுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவனே அண்ணன்தான். யாராவது சற்று உரக்கப் பேசினாலே சுருண்டுகொள்வாள். நாற்பதை நெருங்கியும் பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லாமல் சாலையைக் கடந்தவளில்லை. கணவன் செத்தபின் கொழுந்தன் வீட்டுப் பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக் கிடந்தவளை அண்ணன் தன்னோடு அழைத்துக்கொண்டான். பாதி பாசம், மீதி அண்ணிக்கு ஒத்தாசைக்கு ஆள் வேண்டியிருந்தது. ஒரு பெரிய விடுதியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் வேலையும் வாங்கிக் கொடுத்தான். காரில் கொண்டுபோய் விட்டான், காரில் கூட்டிவந்தான். "வேலை, வீடு. நடுவுல எதையும் வேடிக்கை பாக்காத" என்பான். அவளும் பாராமல்தான் இருந்தாள்.

அந்த நகரத்துக்கும் அவளைக் கண்டால் ஆகவில்லை. கீழ்வீட்டுக்காரி அவள் ஏறிப்போன படிகளை அவள் கண்ணெதிரேயே மருந்துத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள். சலவைக்கூடத்து மேற்பார்வைக்காரி பெயரைக் கேட்கவே இல்லை, விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டாள். காற்று அவளைத் தேடி வரும் வேகத்தில் வழியிலிருந்த பூந்தொட்டிகளும் கடைப் பலகைகளும் உருண்டதால், தெருக்காரர்கள் திரண்டுவந்து அவளை வெளியே விடாதே என்று அண்ணனிடம் கத்திவிட்டுப் போனார்கள். அவன் அந்தக் கோபத்தை அப்படியே அவள் பக்கம் திருப்பினான். "இனி ஒழுங்கா உள்ளயே கிட. இல்லேன்னா உன் கொழுந்தன் வீட்டுக்கே பார்சல் பண்ணிருவேன்." அழுகை வருமென்று அவள் முந்தானையை எடுத்து வைத்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. காது மடல் சூடேறியது. உடம்பு முழுக்க ஆத்திரம் பரவியது. அது புதிதாக இருந்ததால், முதலில் அதைக் காய்ச்சல் என்றே நினைத்தாள்.

மறுநாள் வேலை விட்டதும் அண்ணன் வண்டிக்குக் காத்திராமல் பின்வாசல் வழியாக இறங்கி நடந்தாள். காற்று மூர்க்கமாக முட்டியது. அவளும் தலையைக் குனிந்து முட்டினாள். அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் ஒரு புதுத் தெரு. சந்தைக்குள் நுழைந்து வசவு வாங்கினாள், துறைமுகத்தில் காவலாளியால் துரத்தப்பட்டாள், குன்றின் உச்சிவரை ஏறி அங்கே யாரோ அவிழ்த்துவிட்ட நாயிடமிருந்து தப்பி இறங்கினாள். பாதை கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே கேட்காமலே போகப் பழகினாள். அண்ணன் கத்தினான், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டான். அவள் சிந்தியதைத் துடைத்துவிட்டு, அடுத்த நாள் இன்னும் தொலைவு போனாள். அந்த ஆண்டு முடிவதற்குள், காற்றோடு மல்லுக்கட்டியே அவள் கெண்டைக்கால்கள் உரல் மாதிரி ஆகியிருந்தன.

அடுத்த கோடையில் அது நடந்தது. விடுதியின் மொட்டைமாடியில் காய்ந்த விரிப்பு ஒன்று கைப்பிடிக் கம்பிக்கு வெளியே போய்ச் சிக்கிக்கொண்டது. "உன் காத்துதான தள்ளுச்சு, நீயே போய் எடு" என்று மேற்பார்வைக்காரி அவளை விளிம்புக்கு விரட்டினாள். துருப்பிடித்த கம்பி கையோடு வந்தது. தொட்டாச்சிணுங்கி தலைகுப்புற விழுந்தாள். முகம் தரையைப் பார்த்திருந்ததால் காற்றும் தரையிலிருந்து மேல்நோக்கி அவள் முகத்தில் அறைந்தது. அறைந்த அறையில் அவள் இரண்டாம் மாடி உயரத்தில் அப்படியே நின்றுவிட்டாள். கீழே கூட்டம் கூடியது. விழுந்துவிடப் போகிறாளே என்று ஒருவர் மட்டும் பதறி, தன் காரை நகர்த்தி நிறுத்தினார். அவள் அந்தரத்திலேயே விஷயத்தைப் புரிந்துகொண்டாள். கீழே பார்த்தால் மேலே போகலாம், வானத்தைப் பார்த்தால் இறங்கலாம். எங்கே போக வேண்டுமோ அதற்கு முதுகைக் காட்ட வேண்டும். வேலை நேரத்தில் இடத்தை விட்டு நகர்ந்தாள் என்று அன்று மாலையே அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

அண்ணனுக்கு அவமானம் தாங்கவில்லை. பயணச்சீட்டு எடுத்து, அவளைப் பெட்டியோடு காரில் ஏற்றினான். விமான நிலையத்துக்கு, நிலத்துக்குள் நீண்டிருந்த கடலின் ஒரு கையைக் கடந்து போகும் நீளமான பாலம் உண்டு. அதன் நடுவில் வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. அவள் கதவைத் திறந்து இறங்கினாள்.

"ஏய், எங்க போற? உள்ள ஏறு. எல்லாரும் பாக்குறாங்க!"

"பாக்கட்டும்ண்ணா."

"விழுந்து செத்தா பொணத்தைக்கூட வாங்க மாட்டேன்."

"வாங்காத. தண்ணியோட போகட்டும்."

அவள் பாலத்தின் ஓரச் சுவரின்மீது ஏறி நின்று கீழே பார்த்தாள். அந்நிய நாட்டில் முதல்முறையாக, திறந்த வெளியில் அவள் முகத்தில் காற்று இல்லை. ஒரு மயிரிழை அசையவில்லை. அவளுக்கு உள்ளங்கால் கூசியது. முன்பு விழுந்தது தற்செயல், அதற்கு யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. இப்போது அவளுக்கும் காற்றுக்கும் நேரம் இருந்தது. அவளை ஒழித்துக்கட்ட இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது என்பது அதற்கும் தெரிந்திருந்தது. பின்னால் அண்ணன் கார்க் கதவை அறைந்து சாத்திவிட்டு ஓடிவரும் சத்தம் கேட்டது.

"என்னடா, பயந்துட்டியா? இத்தனை நாள் மூஞ்சியில அடிச்சது இவ்வளவுதானா? தூ!" என்று காற்றைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டுக் குதித்தாள்.

பாலத்தின் உயரம் முழுக்க அவள் கல்லாக விழுந்தாள். தண்ணீரின் உப்பு உதட்டில் பட்டபோதுதான் காற்றுக்கு ரோஷம் பொறுக்கவில்லை. அது எழும்பி அடித்த அடியில் அலை இரண்டாகப் பிளந்தது, அவள் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது, பாலத்தைவிட உயரமாக அவள் மேலே போனாள். சுவரருகே நின்ற அண்ணனின் கை அவளை நோக்கி நீண்டிருந்தது. அவள் அவனைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவனை விட்டு விலகி, எதிர்க்கரைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அங்கேயும் அவளுக்கு யாரும் ஆரத்தி எடுக்கவில்லை. உயரமான கட்டடங்களின் வெளிக்கண்ணாடி துடைக்கும் நிறுவனம் ஒன்று, கயிறும் ஊஞ்சலும் மிச்சம் என்பதற்காக அவளைச் சேர்த்துக்கொண்டது. உள்ளே இருப்பவர்கள் அவள் வருவதைக் கண்டதும் திரையை இழுத்தார்கள். இழுத்தால் இழுக்கட்டும் என்று அவள் அழுத்தித் துடைத்தாள். விடுமுறை நாட்களில் கடலுக்கு அப்பாலிருந்த தீவுகளுக்குப் போனாள். பின்பக்கமாகவே போவதால், எந்தத் தீவு என்பது கால் மண்ணில் பட்ட பிறகே தெரியும். சில தீவுகளில் கல்லெறிந்தார்கள். ஒன்றில் தண்ணீர் கொடுத்தார்கள். ஆண்டுகள் போயின. மாநகராட்சி பாலத்தில் குதிக்கத் தடை என்று பலகை வைத்தது. கொஞ்ச காலம் கழித்து, மேலே பார்த்தபடி வண்டி ஓட்டாதீர் என்று அதற்குப் பக்கத்தில் இன்னொன்றும் வைத்தது.

அண்ணன் அதற்குள் எட்டாவது மாடிக்குக் குடிமாறியிருந்தான். தனக்குத் தங்கை இல்லை என்றே புது அக்கம்பக்கத்தில் சொல்லியிருந்தான். ஒரு ஞாயிறு மதியம் அவள் அந்தப் பக்கம் வந்தபோது, அண்ணி பால்கனிக்கு வந்து, வெகுநாள் பழக்கம் போல ஒரு தட்டில் சோறு போட்டு நீட்டினாள். "கீழ பாத்துக்கிட்டே சாப்பிடு. பேச்சு சுவாரசியத்துல மேல கீல பாத்துத் தொலைக்காத" என்றாள். பிள்ளைகளின் படிப்பு, பழைய கீழ்வீட்டுக்காரியின் மூட்டுவலி என்று அண்ணி அடுக்கிக்கொண்டே போக, அவள் அந்தரத்தில் கவிழ்ந்தபடி தட்டை வழித்தாள். உள்ளே நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அண்ணன் திரும்பாமலே சொன்னான்.

"கதவைச் சாத்துடி. காத்து அடிக்குது."

அண்ணி தட்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். தொட்டாச்சிணுங்கி விரலைச் சப்பிவிட்டு, சற்றே குனிந்தவாறு அந்த வீட்டை ஆற அமரப் பார்த்தாள். காற்று அவளைக் கடல் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனது.