நாலாவது வளைவு

நாலாவது வளைவு வந்தால் மட்டும் போனுக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். மூன்று வாரமாக இதே பாடு. கிடங்குகள் நிறைந்த பேட்டைக்குள் ஒரு சுற்றுப்பாதை. வேனின் முன்கண்ணாடிக்குப் பின்னால் போனைப் பொருத்தி, அதே பாதையில் நாளுக்கு முப்பது சுற்று ஓட்ட வேண்டும். உள்ளே லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பவளுக்கு வயது நாற்பதாகிறது, வீட்டில் இன்னமும் வாலு என்றுதான் கூப்பிடுகிறார்கள். வேனை ஓட்டுவது அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

அந்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், ஒன்றும் பெரிய வித்தை இல்லை. புது டவர்கள் சிக்னலை டார்ச் வெளிச்சம் மாதிரி மெல்லிசாகப் பிரித்துப் பல பக்கமும் வீசுகின்றன. ஒவ்வொன்றுக்கும் பீம் என்று பெயர். இதுவரை டவர்தான் போனைக் கேட்டுக்கொண்டிருந்தது, உனக்கு எந்த பீம் நன்றாக இருக்கிறது என்று. அது கேட்டு, இது பதில் சொல்வதற்குள் வண்டி அடுத்த தெருவுக்குப் போயிருக்கும், பேச்சு பாதியில் அறுந்துவிடும். புது முறையில் போன் காத்திருக்காது. பீம் தேய ஆரம்பித்ததுமே தானாகச் சொல்லிவிடும், டவரும் அடுத்த பீமுக்கு மாற்றிவிடும். ஒரே பாதையில் ஓட்டினால் போன் ஒரே இடத்தில்தான் சொல்ல வேண்டும். நாலாவது வளைவிலோ ஒரு சுற்றில் விளக்குக் கம்பத்துக்கு முன்னால் சொன்னது, இன்னொரு சுற்றில் அதைத் தாண்டிச் சொன்னது.

தலைமைப் பொறியாளருக்கு அலுவலகத்தில் 'ரெண்டு நிமிஷம்' என்று பட்டப்பெயர். ரெண்டு நிமிஷம் வாங்க என்று கூப்பிட்டால் ஒன்றரை மணி நேரம் காலி. அன்று காலையும் வாலுவைக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர்கள் வருகிறார்களாம், தப்பு யார் பக்கம் என்று சாயங்காலத்துக்குள் ரிப்போர்ட் வந்தாக வேண்டுமாம். போன் புரோகிராமில்தான் கோளாறு என்று அவராகவே முடிவும் கட்டிவிட்டார். அந்தப் புரோகிராமை எழுதியவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவள். தப்பு அவள் பக்கம் என்றால் வெள்ளிக்கிழமையோடு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

வெளியே வந்ததும் அவள் வாலுவிடம் கெஞ்சவெல்லாம் இல்லை.

"நான் எழுதினது சரியாத்தான் இருக்கு. வேற எதையாச்சும் ஒரு தடவ பாருங்களேன்."

வாலு பார்த்தாள். பார்த்தபோது தன் லட்சணம்தான் முதலில் தெரிந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி போன தடத்தைத் தனித்தனியாக எடுத்து வரைய வேண்டும் என்பது விதி. வேன் கூரையில் அதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது, ஒரு சாண் பிசகினாலும் காட்டிக்கொடுக்கும். வாலு முதல் சுற்றின் தடத்தையே எல்லாச் சுற்றுக்கும் ஒட்டியிருந்தாள். சோம்பேறித்தனம் இல்லை. அண்ணன் ஓட்டினால் கோடு கிழித்த மாதிரி இருக்கும் என்று அவள் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டவள். அந்தக் கைக்குப் போய் யார் அளவெடுப்பார்கள்?

இப்போது எடுத்தாள். எல்லாச் சுற்றிலும் போன் சொன்னது அச்சு அசல் சரி. வண்டிதான் இடம் மாறியிருந்தது. மற்ற வளைவுகளெல்லாம் இடப்பக்கம் திரும்புபவை, அங்கே கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று படுத்திருந்தன. நாலாவது மட்டும் வலப்பக்கம். அங்கே கோடுகள் பிரிந்து, வெளியே தள்ளி, சில சுற்றுகளில் ரோட்டின் ஓரக்கல் வரை போயிருந்தன. கிடங்கு ஆட்கள் நடந்துபோகிற ஓரம் அது. வலது பக்கத்தில் என்ன இருக்கிறதென்று தெரியாத ஆள், அந்தப் பக்கத்தை விட்டு விலகி விலகி ஓட்டியிருக்கிறான்.

கதவு நிலையில் அவன் வலது தோள் இடிக்கிறது. மேஜையில் டம்ளரைத் தட்டிவிடுகிறான். வயசாயிடுச்சு கிழவா என்று அவள் கேலி செய்திருக்கிறாள். அவளுடைய மகளைத் தினமும் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் காரில் கொண்டுபோய் விடுவதும் அவன்தான். இதையெல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்தாள். பகீரென்று இருந்திருக்க வேண்டும். ஒன்றுமே இல்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி மனசு மரத்துக் கிடந்தது. தண்ணீர் குடித்துவிட்டுக் கீழே போனாள்.

அண்ணன் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, வலது பக்கம் உனக்குக் கண்ணு தெரியுதா?"

துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு துணியை மடித்தான்.

"நேரா பாத்தா தெரியுது. ஓரத்துலதான் இல்ல."

எட்டு மாதமாம். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்ற மருந்து விடச் சொன்னாராம் டாக்டர். வண்டியைத் தொடக் கூடாது என்றும் சொன்னாராம். ஏன் சொல்லவில்லை என்றாள். நீ கேட்கவில்லையே என்றான். அண்ணிக்கும் தெரியாதாம். பிள்ளைகள் இரண்டு பேரும் கல்லூரியில், ஐம்பத்திரண்டு வயதில் லைசென்ஸ் போனவனை எவன் வேலைக்கு வைப்பான் என்று கேட்டான்.

"போன் மேல போட்டுடு வாலு. அதுக்கென்ன பொண்டாட்டி பிள்ளையா இருக்கு?"

"அதுக்குப் புரோகிராம் எழுதினவளுக்குக் குடும்பம் இருக்கு."

அவன் லாரி ஓட்டிய சம்பளத்தில் படித்தவள் அவள். அவன் அதைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

"நாளையிலேருந்து பாப்பாவ நானே ஸ்கூல்ல விட்டுடறேன்" என்றாள். லைசென்ஸ் என்றபோது கலங்காத முகம் அதற்குக் கலங்கிவிட்டது. ம் என்றான், அவ்வளவுதான்.

மேலே போய் எழுதினாள். போன் சரியாக இருக்கிறது. தடத்தை அளக்காமல் விட்டது என் தவறு. நாலாவது வளைவில் வேன் விலகுகிறது, ஓட்டுநருக்கு வலப்பக்கம் பார்வை இல்லை, இனி அவர் வண்டி ஓட்டக் கூடாது. மூன்றாவது வரியில் 'ஓட்டுநர்' என்று அடிக்கும்போது விரல் நிற்கும் என்று எதிர்பார்த்தாள். நிற்கவில்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அனுப்பினாள். ரெண்டு நிமிஷம் கூப்பிட்டு ஒரு மணி நேரம் திட்டினார். புரோகிராம் எழுதியவள் கையைப் பிடித்துக்கொண்டாள். போக்குவரத்துப் பிரிவு அண்ணனைக் கூப்பிட்டது.

ஐந்து மணிக்கு அவள் இறங்கி வந்தபோது அவன் வேனில் இருந்த தன் சாமான்களைப் பையில் போட்டு வைத்திருந்தான். தண்ணீர் பாட்டில், சீப்பு, ஒரு கம்பளி, எங்கேயோ ஒளித்து வைத்திருந்த சொட்டு மருந்து.

"போன் தானா காட்டிக்குடுத்துச்சா, நீ சொன்னியா?"

"நான்தான் சொன்னேன்."

தலையை ஆட்டிக்கொண்டான். கோபம் இல்லை. பையை எடுத்துத் தன் காரின் பின்சீட்டில் வைத்தான், பாக்கெட்டில் சாவியைத் துழாவினான். வாலு வேனின் பின்கதவைச் சாத்திவிட்டு வந்து அவன் பக்கத்தில், வலது தோளை ஒட்டினாற்போல நின்று கையை நீட்டினாள்.

"நீயே ஓட்டு. இந்தா, பிடி" என்று அண்ணன் சாவியை இடது பக்கமாக நீட்டினான். அங்கே யாரும் இல்லை. நீட்டிய கையோடு காத்திருந்தான்.

காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது. அதை அடக்கிக்கொண்டு, சத்தம் காட்டாமல் அவன் முதுகுப் பக்கமாகச் சுற்றிப் போய், முதலிலிருந்தே அங்கே நின்றவள் மாதிரி சாவியை வாங்கிக்கொண்டாள்.