மாமனாருக்கு ஒரு காலிங் பெல்

டிவி ரிமோட்டுக்கு இரண்டு செல் வாங்க வேண்டுமென்றாலும் ராகவன் இரண்டு நாள் படித்துவிட்டுத்தான் வாங்குவான். கரூர்ப் பக்கத்துக்காரன். அம்பத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை, திருமுல்லைவாயிலில் மூன்றாவது மாடியில் ஃபிளாட். தீர்ந்ததும் குப்பையில் வீசுகிற செல்லை இந்தக் காலத்தில் யாராவது வாங்குவார்களா என்று அவனுக்கு ஒரு நாள் தோன்றிவிட்டது. தோன்றிவிட்டால் அவ்வளவுதான். சார்ஜ் ஏற்றித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் செல்களில் எத்தனை வகை உண்டோ அத்தனையையும் பற்றி ஆன்லைனில் படித்தான். கடைசியில், எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்று பச்சை உறைமேல் ஆகப் பெரிய எண் அச்சிட்டிருந்ததை வரவழைத்தான். படித்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். எண் பெரிதாக இருந்தால் ஒரு நிம்மதி.

ரிமோட், சுவர்க் கடிகாரம், எடை பார்க்கும் மெஷின், மவுஸ் என்று எல்லாவற்றிலும் பச்சைச் செல்கள் ஏறின. பழைய செல்கள் வீட்டைவிட்டுப் போயின. அவன் மனைவி அகல்யா மட்டும் மளிகைக் கடையில் ஓர் அட்டை நிறைய வாங்கிய சாதாரணச் செல்களைத் துவரம்பருப்பு டப்பாவுக்குள் ஒளித்துவைத்தாள். சொன்னால் ஒரு மணி நேரம் விளக்கம் கேட்க வேண்டியிருக்கும் என்பதால் சொல்லவில்லை.

இந்த நேரத்தில்தான் அகல்யாவின் அப்பா எத்திராஜ் வண்டியிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். அவர் இருந்தது முத்தாபுதுப்பேட்டையில், மகன் உதயகுமார் வீட்டில். அது மாடி வீடு, லிப்ட் கிடையாது. அறுவை சிகிச்சை செய்த டாக்டர் படி ஏறக் கூடாது, யாரும் பிடிக்காமல் எழுந்து நிற்கவும் கூடாது என்று சொல்லிவிட்டதால் அவரை லிப்ட் உள்ள மகளின் ஃபிளாட்டுக்கு அழைத்து வந்தார்கள். மனுஷனுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. பெண் கொடுத்த வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டாலே கை ஈரம் காய்வதற்குள் கிளம்பிவிடுகிற ஆள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மாப்பிள்ளையிடம் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்டதில்லை.

வந்த அன்றே ராகவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "தொல்லையா இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லிடணும் மாப்ளே. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். உதயா வந்து கூட்டினு பூடுவான்."

"அப்படியெல்லாம் பேசாதீங்க மாமா," என்றான் ராகவன். உண்மையாகத்தான் சொன்னான். சொன்னதோடு நிற்காமல் ஒயர் இல்லாத காலிங் பெல் ஒன்றும் வாங்கி வந்தான். பெல்லை ஹால் சுவரில் மாட்டினான். அதற்கான பொத்தானை மாமனாரின் கட்டிலோரம் கை எட்டும் இடத்தில் ஒட்டினான். பொத்தானை அமுக்கினால் அதில் ஒரு சிவப்பு விளக்கு எரியும், ஹாலில் பெல் பாடும். பெல்லுக்குள் மூன்று பச்சைச் செல்கள்.

"சார்ஜ் ஏத்துன செல்லு மாமா. இப்போதைக்குத் தீராது. எப்ப வேணும்னாலும் அமுக்குங்க."

"பேட்டரி கட்டைக்கே சார்ஜா? நல்லாத்தான் கீது," என்றார் எத்திராஜ். முப்பது வருஷம் இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் இரைச்சலில் நின்றவர். கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தாலே ஹாலில் பெல் பாடுவது அவர் காதுக்கு எட்டாது. விளக்கு எரிந்தால் பெல் அடித்தது என்று கணக்கு.

முதலில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவர் அமுக்குவார், அகல்யா ஓடி வருவாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற நாட்களில் ராகவனும் வருவான். கைத்தாங்கலாகப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போவார்கள். அவர் கூச்சத்தில் நெளிவார், ஆனாலும் போவார்.

பிறகு ஒரு நாள் பெல் செத்துப்போனது. அது யாருக்கும் தெரியாது.

சாதாரணச் செல் என்றால் சாகும் முன் சொல்லிவிடும். பாட்டு இழுத்து இழுத்து வரும், குரல் கம்மும். இந்தப் பச்சைச் செல் கடைசிவரை நன்றாகப் பாடிவிட்டுப் பட்டென்று நின்றுவிடுகிற ரகம். அதுபோக, பெரிய எண் போட்ட செல்கள் சும்மா கிடந்தாலே கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் இறங்கிவிடும், எப்போதாவது வேலை செய்கிற சாமான்களுக்கு அவை சரிப்படாது என்று வாங்கிய ஆன்லைன் பக்கத்திலேயே கீழே யாரோ எழுதியிருந்தார்கள். ராகவன் அவ்வளவு கீழே போகவில்லை.

பொத்தானுக்குள் இருந்தது வேறொரு குட்டிச் செல். அது நன்றாகவே இருந்தது.

அன்று எத்திராஜ் அமுக்கினார். சிவப்பு விளக்கு எரிந்தது. யாரும் வரவில்லை. கதவு இடுக்கு வழியாக ராகவன் லேப்டாப் முன் உட்கார்ந்து யாரிடமோ சிரித்துப் பேசுவது தெரிந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அமுக்கினார். விளக்கு எரிந்தது. ராகவன் தலை திரும்பவில்லை. மூன்றாவது தடவை அமுக்க அவருக்குக் கை வரவில்லை. வாய்விட்டுக் கூப்பிட்டிருக்கலாம். பெல் அடித்தும் வராதவர்களைக் கூவிக் கூப்பிடுவதா? சுவரைப் பிடித்துக்கொண்டு அறையை ஒட்டிய பாத்ரூமுக்குத் தானே எழுந்து போனார்.

அடுத்த நாளும் இதேதான். அதற்குப் பிறகு அவர் தண்ணீரைக் குறைத்தார். குடித்தால்தானே போக வேண்டும். அகல்யா காலையில் கட்டிலோரம் வைக்கிற பாட்டில் ராத்திரி வரை அப்படியே இருந்தது. மோர் வேண்டாம் என்றார். ஒருமுறை பாத்ரூமில் கால் வழுக்கி, வாஷ்பேசினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அதையும் சொல்லவில்லை.

ஹாலில் இருந்தவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள்.

"நைனாக்கு இப்ப நல்லா தேவலாம் போல. முன்ன மாதிரி கூப்பிடறதே இல்ல," என்றாள் அகல்யா. வேளாவேளைக்குச் சாப்பாடும் மாத்திரையும் கொண்டுபோய்க் கொடுத்து, வேறு என்ன வேண்டும் என்றும் கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றார் அவர். பாட்டில் காலியாகாததற்கு மழைக்காலம் என்று காரணம் வைத்துக்கொண்டாள். ராகவன் மைத்துனனிடம் போனில் செல் புராணம் பாடினான். "மாட்டுனதுல இருந்து ஒரு தடவகூட சார்ஜ் போடல மச்சான். சும்மா சொல்லக் கூடாது, என்ன உழைப்பு உழைக்குது பாருங்க."

ஒரு வெள்ளிக்கிழமை உதயகுமார் அகல்யாவுக்கு போன் செய்தான். "நைனா அங்க இருந்தது போதும்ன்றாரு. ஞாயித்துக்கெயம வந்து கூட்டினு போறேன். நாலு பேரா சேர் போட்டு மேல தூக்கிடலாம்."

அகல்யாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நேரே அப்பாவிடம் போனாள். "இங்க இன்னா நைனா கொற?"

"கொறையா? ராஜா மாதிரி வச்சிக்கினீங்க. அங்க காத்து நல்லா வரும். அதான்."

அவளுக்கு அழுகை வந்தது. ராகவனுக்குக் கோபம் வந்தது. என்னதான் செய்தாலும் இவர்களுக்கு மகன் வீடுதான் வீடு என்று முணுமுணுத்தான். இரண்டு நாள் மாமனாரின் அறைப் பக்கம் அதிகம் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எத்திராஜ் சட்டை வேட்டியோடு நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார். அகல்யா அவர் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். ராகவன் கட்டிலோரம் ஒட்டியிருந்த பொத்தானைப் பெயர்த்தான். பெயர்க்கும்போது விரல் அழுந்திச் சிவப்பு விளக்கு எரிந்தது. ஹாலில் பாட்டு வரும் என்று பழக்கத்தில் காது கொடுத்தான். வரவில்லை. மறுபடி அமுக்கினான். விளக்கு மட்டும் எரிந்தது.

ஹாலுக்குப் போய்ப் பெல்லைக் கழற்றிச் செல்களை எடுத்தான். செல்லைச் சோதிக்க ஒரு கருவிகூட வாங்கி வைத்திருந்தான். ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தான். மூன்றிலும் முள் அசையவில்லை.

பின்னாலேயே வந்த அகல்யா கேட்டாள். "எப்பலேந்து?"

அவனுக்குத் தெரியவில்லை. அவள் திறந்திருந்த கதவு வழியாகக் கட்டிலோரம் நேற்று வைத்தபடியே நிறைந்திருந்த பாட்டிலைப் பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போய், துவரம்பருப்பு டப்பாவுக்குள் கைவிட்டு அந்த அட்டையை எடுத்து வந்து நீட்டினாள். அவன் வாங்கி, அதிலிருந்து மூன்று செல்லைப் பெல்லுக்குள் போட்டான்.

அறைக்கு வந்து மாமனார் முன்னால் நின்றான். "மாமா, பெல் வேல செய்யல. ரொம்ப நாளா. நான் வாங்குன செல்லுதான் தப்பு. நீங்க அமுக்குனது எங்களுக்குக் கேக்கவே இல்ல."

"வெளக்கு எரிஞ்சுதே."

"அது பொத்தானோட வெளக்கு மாமா. அங்க பெல் அடிக்கலேன்னாலும் இங்க எரியும்."

எத்திராஜ் பொத்தானை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப, காதுல கேட்டும் வராம இருந்துடலியா நீங்க?"

"ஐயோ நைனா," என்றாள் அகல்யா.

"நான் ஒண்ணும் மனசுல வச்சிக்கல மாப்ளே. வேலைக்குப் போற பசங்க, எத்தினி தபா ஓடியாருவாங்கன்னு அன்னிக்கே சமாதானம் ஆயிட்டேன்."

திட்டியிருந்தால் ராகவன் ஏதாவது பதில் சொல்லியிருப்பான். அவர்கள் செய்யாத குற்றத்தை இவர் என்றைக்கோ மன்னித்து முடித்திருந்தார். அவனால் அதைத் தாங்க முடியவில்லை. கண் கலங்கிவிட்டது, வெட்கமாக இருந்தது. எத்திராஜ் பொத்தானை அமுக்கினார். ஹாலில் பெல் பாடியது. "கேக்குதா?" என்றார். இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

உதயகுமார் உள்ளே வந்தான். "ஆட்டோ கீய நிக்குது. கெளம்பலாமா நைனா?"

"காபி குடிச்சிட்டு நீ கெளம்பு உதயா," என்றார் எத்திராஜ். "அகல்யா, அந்தப் பைய உள்ள வச்சிடு கண்ணு."

கட்டிலோரம் இருந்த பாட்டிலை எட்டி எடுத்து மூடியைத் திருகினார். அண்ணாந்து குடிக்க ஆரம்பித்தார். நடுவில் மூச்சு வாங்க ஒருமுறை நிறுத்தினார், திரும்பவும் குடித்தார். தீரும்வரை மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலிப் பாட்டிலை ராகவனிடம் நீட்டினார்.

"ரொப்பி வைங்க மாப்ளே."