வேலி தாண்டிய தோள்வலி

பக்கத்து வீட்டு அன்னாள் சக்கை வரட்டி கிளறினால் மயிலாத்தாளுக்கு வலது தோள்பட்டை நோகும். லேசுப்பட்ட நோவு இல்லை. காலையிலிருந்து பொழுது சாயும்வரை மண்வெட்டி பிடித்தவனுக்குச் சோற்றுத் தட்டைத் தூக்க முடியாமல் போகுமே, அந்த நோவு. மயிலாத்தாள் கரண்டியைத் தொட்டிருக்கக்கூட மாட்டாள். கயிற்றுக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, தோளில் வேப்பெண்ணெய் தேய்த்துக்கொண்டு, வேலிக்கு அந்தப் பக்கம் வெண்கல உருளியின் அடியைக் கரண்டி சுரண்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் இழுப்பு. அங்கே கிளறி இறக்கிய அன்னாளோ, அப்போதுதான் குளித்து வந்தவளைப் போல, இடுப்பில் ஒரு குடமும் தலையில் ஒரு குடமுமாகத் தண்ணீருக்குக் கிளம்பிவிடுவாள். இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துநாலாம் வருஷத்துக் கோடையில், பொள்ளாச்சிக்கு மேற்கே மீனாட்சிபுரத்தை அடுத்த ஒரு தெருவில் தொடங்கியது.

சக்கை என்றால் பலாப்பழம். மலையாளத்துக்காரர்களோடு பிழைத்துப் பழகிய அன்னாளுக்கு அந்தச் சொல்தான் வாயில் வரும். அவளும் அவள் புருஷன் கபிரியேலும் தேவிகுளத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் லயத்து வீட்டில் இருந்தவர்கள். மலைக்குளிர் கபிரியேலின் நெஞ்சில் இறங்கி இருமல் விடாமல் போகவே, கீழே இறங்கி வந்து பால் சொசைட்டியில் பால் அளக்கும் வேலைக்குச் சேர்ந்தான். மயிலாத்தாள் வீட்டுக்குப் பக்கத்தில் பொங்கியண்ணன் என்பவரின் வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். அந்த வீட்டு வாசலில் ஒரு பலாமரம், வேலியில் சாய்ந்தாற்போல நின்றது. வருஷா வருஷம் காய்க்கும். தெருக்காரர்கள் நாலு சுளை தின்றுவிட்டு மிச்சத்தை எருமைக்குப் போட்டுவிடுவார்கள். அதை வெல்லம் போட்டு அரை நாள் கிளறி வரட்டியாக்கினால், அடுத்த மாசியிலும் எடுத்துத் தின்னலாம் என்பது அந்தத் தெருவுக்குத் தெரியாது. அன்னாளுக்கு அது லயத்தில் அடுத்த கதவு மலையாளத்து அம்மா சொல்லிக்கொடுத்த பக்குவம். லயத்தில் இருபது கதவுக்கும் ஒரே சுவர்தான். ஒரு வீட்டில் தாளித்தால் மறு வீட்டில் தும்முவார்கள். அதனால் எது செய்தாலும் எல்லாக் கதவுக்கும் போகும். அதே பழக்கத்தில் அன்னாள் முதல் வரட்டியைத் தூக்குப்போசியில் போட்டுத் தெருவெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தாள். முதல் வீடு மயிலாத்தாளுடையது.

மயிலாத்தாளின் புருஷன் ரத்தினசாமிக்கு நாலு ஏக்கர் கடலைக்காடும், வரப்பெல்லாம் பனைமரமும், இரண்டு எருமையும் உண்டு. குனிந்த தலை நிமிராமல் தின்கிறவர். உப்புக் குறைந்தால் சொல்வார், புளி கூடினால் தட்டைத் தள்ளுவார், சரியாக இருந்தால் கை கழுவிக்கொண்டு எழுந்து போவார். பதினாலு வயதில் அந்த வீட்டுக்கு வந்து, களை வெட்டி, பால் பீய்ச்சி, மகளைப் பெற்று வளர்த்துக் கட்டிக்கொடுத்தும் அனுப்பிவிட்ட மயிலாத்தாள், அப்படி எழுந்து போவதுதான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ரத்தினசாமி அன்னாளின் வரட்டியை விரலால் வழித்து வாயில் வைத்தார். இன்னொரு தரம் வழித்தார். பிறகு, "நல்லாருக்குது" என்றார்.

அப்படி ஒரு சொல் அவர் வாயில் இருந்ததே மயிலாத்தாளுக்கு அன்றுதான் தெரிந்தது. குழம்புக் கரண்டியோடு நின்றவள் நின்றபடியே இருந்தாள். அடுத்த பழத்தை அன்னாள் வெட்டிக் கிளறிய நாளில் நோவு வந்தது.

முதலில் வாயு என்றார்கள். கொழிஞ்சாம்பாறை வைத்தியர் தைலம் கொடுத்தார். பொள்ளாச்சி போய் ஊசி போட்டு வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் அன்னாள் உருளியை இறக்கினால் தானாக நின்றது. அன்னாள் துணி துவைத்தாலோ மாவு இடித்தாலோ மயிலாத்தாளுக்கு ஒன்றும் ஆகாது. பழம் கிளறினால்தான். சந்தேகத்தைத் தீர்த்து வைத்தவள் எதிர்வீட்டுப் பூவாத்தாள். ஒரு மத்தியானம் அவள் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, கொதிக்கும் வரட்டி குமிழ் உடைந்து அன்னாளின் மணிக்கட்டில் தெறித்தது. அன்னாள் முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி கிளறினாள், கையில் ஒரு சிவப்புக்கூட இல்லை. இந்தப் பக்கம் வீட்டுக்குள் மயிலாத்தாள் "அய்யோ" என்றாள். பூவாத்தாள் ஓடி வந்து பார்த்தபோது மணிக்கட்டில் புளியங்கொட்டை அளவுக்குக் கொப்புளம் கிளம்பியிருந்தது.

"ஏனக்கா, அடுப்பு அங்க எரியுது, கொப்புளம் இங்க வருதா? நல்ல கூத்தா இருக்குது போ."

"பாத்துக்கோ புள்ள. நோவு என்னுது, பேரு அவளுது. இந்த நாயத்தை நான் யார்கிட்டப் போயிச் சொல்றது?"

தெரு இதைக் கேட்டு ஆச்சரியப்பட்டுக்கொண்டு நிற்கவில்லை. உழைக்கிற தெரு அது. உடம்பு நோவு என்றால் அங்கே அதற்கு ஒரே கணக்குதான், வேலை. ஆள் கிடைக்காத காலத்தில் அவர்கள் கூலி கொடுத்துக்கொள்வதில்லை. இன்றைக்கு நான் உன் காட்டில் களை வெட்டினால் நாளைக்கு நீ என் காட்டில் வெட்டவேண்டும். பணமாகவோ தானியமாகவோ கொடுத்து அதைக் கழிக்க முடியாது, உடம்பால்தான் கழிக்க வேண்டும். ஆகவே அன்னாளின் வரட்டிக்கு மயிலாத்தாளின் தோள் உழைக்கிறது என்றால், அன்னாள் மயிலாத்தாளின் காட்டுக்கு ஆள் வரவேண்டும் என்று பேச்சு எழுந்தது. மயிலாத்தாள் கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு வேலிப் படலைத் திறந்து போய்க் கேட்டாள். சண்டை போடத்தான் போனாள். ஆனால் அன்னாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"அதானே பாத்தேன். லயத்துல கிளறும்போது ராத்திரி கையைத் தூக்க முடியாதுக்கா. இங்க வந்த பொறவு நோவே இல்ல. தண்ணி மாறுன குணம்னுலா நெனச்சுக்கிட்டு இருந்தேன். நீங்களா தூக்கிச் சொமக்கீய? சொல்லுங்க, இனிமே கிளறல."

"நிறுத்தச் சொல்லி நான் சொன்னனா? நான் தடுத்துப் போட்டன்னு நாளைக்கு ஊரெல்லாம் பேசோணும், அதானே? நீ கெளறு. கெளறுன நாளுக்கு என்ற காட்டுக்கு வந்து களை வெட்டிப் போடு. அவ்வளவுதான்."

"களை வெட்ட எனக்கென்ன வலிக்கவா போவுது? வாரேன்க்கா" என்று சொன்ன அன்னாள், வாய் தவறிச் சொன்னதை நினைத்துச் சிரித்துவிட்டாள். மயிலாத்தாள் சிரிக்கவில்லை.

சொன்னபடி வந்தாள். தேயிலை கிள்ளி வளர்ந்த கை, இரண்டு கையும் ஒரே வேகம். மற்றவர்கள் பாதி பாத்தியில் நிற்கும்போது அவள் அடுத்த பாத்தியில் இருப்பாள், ஒரு கடலைச்செடி சாயாது. வரப்பில் நின்று பார்த்த ரத்தினசாமி, "வேல சுத்தம்" என்றார். இது இரண்டாவது சொல். அதற்கடுத்த வரட்டிக்கு மயிலாத்தாளுக்கு இரண்டு தோளும் நொந்தன.

அதன்பிறகு வருஷங்கள் இந்த வரிசையில் போயின. தவசு காலத்தில் கத்தோலிக்கர்கள் இனிப்புச் செய்வதைத் தவிர்ப்பார்கள் என்பதால் ஈஸ்டர்வரை மயிலாத்தாளின் தோள் நன்றாக இருக்கும். அந்தத் தவசு தொடங்கும் சாம்பல் புதன் என்றைக்கு வருகிறது என்று அந்தத் தெரு இந்துக்களில் மயிலாத்தாளுக்கு மட்டும் தெரியும்; பூவாத்தாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஈஸ்டர் கழிந்ததும் பழம் பழுக்கும், உருளி ஏறும், மயிலாத்தாள் கட்டிலில் விழுவாள். சக்கை முடிந்தால் மாம்பழம், மாம்பழம் முடிந்தால் நேந்திரம்பழம். கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்குப் போகிற பெண்கள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து அன்னாளிடம் பக்குவம் கேட்டுப் போனார்கள். எமர்ஜென்சி வந்தது. தாலுகா ஆபீசில் எல்லாரும் நேரத்துக்கு வருவதாகப் பேசிக்கொண்டார்கள். பிறகு அதுவும் போனது. தூக்குப்போசி மட்டும் வேலியைத் தாண்டி வருவது நிற்கவில்லை. வரும் வரட்டியை மயிலாத்தாள் ஒரு நாளும் வாயில் வைத்ததில்லை. என் தோளை நானே தின்பேனா என்பாள். ரத்தினசாமி தின்பார், அந்தச் சொல்லைச் சொல்வார். ஒவ்வொரு தரமும் சொன்னார். ஒரு தடவை தெரியாமல் வந்த சொல் என்று மயிலாத்தாள் மனசைத் தேற்றிக்கொள்ள வழியில்லாமல் செய்துவிட்டார்.

எழுபத்தெட்டில் அன்னாள் தன் தங்கை பிள்ளையின் ஞானஸ்நானத்துக்காகக் கபிரியேலையும் கூட்டிக்கொண்டு தேவிகுளம் போனாள். ஈஸ்டர் கழிந்து பழம் மணக்கும் நேரம். மயிலாத்தாளின் தோள் சும்மா இருந்தது. அவள் சந்தைக்குப் போய், வேலியோரத்து மரத்தை ஏறெடுத்தும் பாராமல், வண்டிக்காரனிடம் ஒரு பழம் எடுத்து வந்தாள். நல்லெண்ணெய் தடவிக்கொண்டு வெட்டினாள், சுளை பிரித்தாள், கொட்டை நீக்கி வேகவைத்து மசித்தாள். இத்தனை வருஷம் நோவை வைத்தே பக்குவத்தை அறிந்திருந்தாள். எந்த நேரத்தில் கரண்டி கனக்கும், எந்த நேரத்தில் தீயைத் தணிக்கவேண்டும் என்பது அவள் தோளுக்குத் தெரியும். வெல்லத்துக்குப் பதில் சொந்தப் பனையின் கருப்பட்டியைக் காய்ச்சி வடிகட்டி ஊற்றினாள். எருமை நெய் விட்டாள். கடைசியில் சுக்கு. கிளறி முடித்தபோது தோள் நொந்தது, ஆனால் இது அவளுடைய சொந்த நோவு. வேறு மாதிரி இருந்தது. ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டாள்.

ரத்தினசாமி சாப்பிட உட்கார்ந்தார். அவள் தட்டில் கொஞ்சம் வைத்து, கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்தாள். அவர் வழித்தார், நிறுத்தினார், தட்டைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தையே இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நல்லாருக்குது. எப்பவும் வர்றதைவிட நல்லாருக்குது. அந்தப் புள்ள ஊருக்குப் போறதுக்கு முன்னால குடுத்துட்டுப் போச்சாக்கும்?"

இல்லை, நான் செய்தது என்று சொல்ல மயிலாத்தாள் வாயைத் திறந்தாள். சொன்னால் அவர் இன்னொரு தரம் வழித்துப் பார்த்து, உப்போ புளியோ சொல்லிவிடுவாரோ என்று பயம் வந்துவிட்டது. "ஆமாங்க" என்றாள்.

அன்னாள் மலையிலிருந்து திரும்பிய அன்று சொசைட்டி வாசலில் ரத்தினசாமியே அவளிடம், நீ குடுத்த வரட்டி இந்தத் தடவை ரொம்ப நல்லாருந்துதம்மா என்று சொல்லியிருக்கிறார். கொடுக்காத வரட்டிக்கு அன்னாள் என்ன பதில் சொல்வாள்? "சரிங்க அண்ணாச்சி" என்று தலையாட்டிவிட்டு நேரே மயிலாத்தாளிடம் வந்தாள். மயிலாத்தாள் சட்டியின் மிச்சத்தைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். அன்னாள் ஒரு விரல் எடுத்து வாயில் போட்டாள். மென்று விழுங்கினாள். இன்னொரு விரல் எடுத்தாள்.

"என்னத்தப் போட்டீய?"

"கருப்பட்டி."

அன்னாளின் முகம் சுருங்கிவிட்டது. அவள் அப்பன் வழி திருச்செந்தூர்ப் பக்கம். பனையேறிப் பிழைத்த குடும்பம். "எங்காளுவ காய்ச்சுத கருப்பட்டி. எனக்குத் தோணலியே" என்று சட்டியைப் பார்த்துச் சொன்னாள். பிறகு எழுந்தாள். "அந்தச் சொல்லு உங்களுக்குள்ளதுக்கா. தெரியாம எங்கிட்ட வந்துட்டு. நான் அண்ணாச்சிட்ட இப்பவே போய்ச் சொல்லிருதேன்."

"ஒண்ணும் வேண்டாம். நீ போயிச் சொல்லி அவரு வந்து சொன்னா, அது நான் கேட்டு வாங்குனதா ஆகிப்போகும். எனக்கு அது வேண்டாம்."

"அப்போ அந்தச் சொல்ல எப்படித் தர?"

"நீதான் வாங்கிட்ட. எப்புடித் தாறதுன்னு நீதான் பாக்கோணும்."

அடுத்த வாரம் மயிலாத்தாள் இரண்டாவது பழத்தை உருளியில் ஏற்றினாள். கை இறகுபோல இருந்தது. கரண்டி சுழல்கிறது, வரட்டி இறுகுகிறது, தோள் வேறு யாருடையதோ போலக் கிடக்கிறது. என்ன இது என்று அவள் யோசிப்பதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் "யம்மாடி" என்று சத்தம் கேட்டது. பூவாத்தாள் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு, அன்னாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வலது தோளைப் பிடித்துக்கொண்டிருப்பதாக வந்து சொன்னாள். மயிலாத்தாள் கரண்டியைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். ரத்தினசாமி அந்தச் சொல்லைச் சொன்னபோதுகூட அவளுக்கு இவ்வளவு நிறைவு வந்ததில்லை. அன்றைக்குப் பதம் தாண்டியும் கிளறினாள். வரட்டி கல்லாகி, சுத்தியலால் உடைத்துத்தான் எடுக்கவேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு தெருவில் ஓர் ஏற்பாடு உண்டானது. இருவரும் ஒரே நாளில் உருளி ஏற்றுவதில்லை. அன்னாள் கிளறினால் மயிலாத்தாள் படுப்பாள், மயிலாத்தாள் கிளறினால் அன்னாள் படுப்பாள். அந்த நாட்களில் கபிரியேல் கஞ்சி காய்ச்சிப் பழகிக்கொண்டான். அன்னாள் களைக்கு வரவேண்டிய நாட்களெல்லாம் இப்படியே கழிந்து கணக்கு நேராகிவிட்டது. யார் கேட்டாலும் தெருக்காரர்கள், இன்றைக்கு யார் படுத்திருக்கிறார்கள் என்பதை வைத்து யார் வீட்டில் வரட்டி என்று சொல்லிவிடுவார்கள்.

அன்னாள் மயிலாத்தாளுக்கு ஒரு "நல்லாருக்குது" தரவேண்டியது மட்டும் பாக்கி. அன்னாளே வாய் திறந்து அதைச் சொல்லிக் கழித்திருக்கலாம். ஒவ்வொரு கோடையிலும் மயிலாத்தாளின் வரட்டி அவள் வீட்டுக்குப் போகிறது, ஒவ்வொரு தடவையும் தின்று போசியைக் கழுவிக் கவிழ்க்கிறாள். இன்னும் சொல்லவில்லை.