ஐந்நூற்று இருபது சதுர அடி

பெட்டியை மூடப்போகிறார்கள் என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தபோது றோயின் கைப்பேசி அதிர்ந்தது. மண்டபத்தின் பின்வாசலுக்குப் போய் எடுத்தான். அடுப்புக் கடைப் பெண். சீமோன் இருக்கிறாரா என்று கேட்டாள். நான் மகன், சொல்லுங்கள் என்றான். அப்பா பத்தடி தள்ளிப் பெட்டிக்குள் இருப்பதை அவளிடம் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை.

நிலவறைக்கு வைக்கும் விறகடுப்பில் சின்னதைச் சீமோன் தெரிவுசெய்து எழுதிக்கொடுத்திருந்தார். புதன்கிழமை மகன் தொலைபேசியில் அதைப் பெரியதாக மாற்றியிருந்தான். ஆளுக்கொன்று சொன்னால் எதை லொறியில் ஏற்றுவது? புகைபோக்கிக் குழாயின் பருமனும் அதைப் பொறுத்தது. பொருத்திய பிறகு மாற்றித்தர மாட்டார்கள். இன்று ஐந்து மணிக்குள் ஒரு முடிவு வேண்டும் என்றாள்.

பெரியதுதான் என்று சொல்ல வாயெடுத்தான். கரோலின் கதவடியில் வந்து நின்றாள்.

"றோய், சுவாமி பாத்துக்கொண்டு நிக்கிறார்."

ஐந்து மணிக்குத் திரும்ப எடுக்கச் சொல்லிவிட்டு, பாதிரியார் காத்திருந்த மண்டபத்துக்குள் போனான். கரோலின் அவன் மனைவி. செப்டெம்பரிலிருந்து இருவரும் வேறு வேறு வீட்டில் இருக்கிறார்கள். கனடாவில் விட்பி நகரத்தில் இருந்த அப்பா அம்மாவுக்கு அவன் அதைச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகப் போய், அவளுக்கு வேலை என்று சொல்லிச் சமாளித்துவந்தான். இன்று மருமகளாக வரிசையில் நிற்க ஒத்துக்கொண்டு வந்திருந்தாள். நன்றாகவே நின்றாள்.

பனிமழை பெய்து மின்சாரம் நின்றால் ஒதுங்க ஒரு சூடான இடம் வேண்டும் என்றுதான் சீமோன் அடுப்புத் தேடத் தொடங்கினார். இறப்பதற்கு முந்திய ஞாயிறு அவர் எழுதிய தாளைப் பார்த்த றோய்க்குச் சிரிப்பு வந்தது.

"பேஸ்மென்ற் ஆயிரத்து நாப்பது சதுர அடி அப்பா. நீங்கள் ஐந்நூற்று இருபது எண்டு குடுத்திருக்கிறியள். அரைவாசியை அளக்க மறந்துபோனியள்."

"அளந்தது சரி."

"உந்தச் சின்ன ஸ்ரோவ் காணாது. குளிருக்கைதான் இருக்கப்போறியள்."

"பெரிசை வாங்கி, சூடு கூடிப்போச்செண்டு காத்தை அடைச்சு வைச்சால் விறகு எரியாது, புகையும். சின்னனை வாங்கி நல்லா எரியவிடோணும். நீ விடு."

முப்பது வருடம் யன்னல் தொழிற்சாலையில் அளவெடுத்த மனிதர். அரைவாசி நிலவறையை அவர் தவறவிடுவாரா என்று றோய் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். வயது போய்விட்டது என்று முடிவுகட்டினான். புதன்கிழமை அவருக்குத் தெரியாமல் கடைக்கு எடுத்தான். வியாழன் காலை சீமோன் நிலவறைப் படியின் அடியில் விழுந்து கிடந்தார். மாரடைப்பு. விரல்களில் நீலத்தூள் ஒட்டியிருந்தது. அந்த அமளியில் அது என்னவென்று யாரும் கேட்கவில்லை. மாற்றியது தெரியாமலே போய்விட்டார் என்பது றோய்க்கு முதலில் ஆறுதலாக இருந்தது. அப்படி ஆறுதல்பட்டதை நினைக்க வெட்கமாகவும் இருந்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் விட்பி வீட்டுக்கு வந்தார்கள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அப்பாவோடு வேலை செய்த டெனிஸ்டன்தான் நாலு நாளாக இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து இறக்கினார். வியாழன் பின்னேரமே நிலவறை முழுக்கப் பாய் விரித்துச் செபத்துக்கு ஆயத்தம் செய்ததும் அவர்தான். நாற்பது பேர் நெருக்கியிருந்து செபமாலை சொன்னதில் இன்று அங்கே வியர்த்தது. இவர்கள் இருந்தால் எந்த அளவு அடுப்பும் தேவையில்லை என்று றோய் நினைத்தான்.

நாலரைக்கு எல்லோரும் வெளிக்கிட்டார்கள். வாசலில் அம்மா கிளடிஸ் கரோலினிடம் ஒரு சாப்பாட்டுப் பார்சலைக் கொடுத்தாள். ஒன்றுதான்.

"றோய் இஞ்சை நிக்கட்டும் பிள்ளை," என்றாள்.

கரோலின் அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். பிறகு தன் காரில் போனாள்.

றோய் கீழே இறங்கிப் பாய்களைச் சுருட்டத் தொடங்கினான். அதற்குள் சீமெந்துத் தரை குளிர்ந்துவிட்டிருந்தது. மூன்றாவது பாய்க்குக் கீழே நீலச் சோக்கால் இழுத்த கோடு தெரிந்தது. அடுத்ததையும் சுருட்டினான். கோடு சுவரிலிருந்து சுவர்வரை போய் நிலவறையைச் சரிபாதியாக வெட்டியது. நடுவில் கதவுக்கு இடைவெளி விட்டிருந்தது. அதற்கு அங்கால் ஒரு நீள்சதுரம். உள்ளே அப்பாவின் எழுத்தில் 39, 75 என்று இரண்டு எண்கள். அங்குலக் கணக்கில் ஒற்றைக் கட்டிலின் அளவு.

"இது என்னம்மா?"

கிளடிஸ் கடைசிப் படியில் குந்தியிருந்து, மெழுகுதிரித் தட்டில் உறைந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"வியாழன் விடியக் கீறினவர். டெனிஸ்டன் வந்து சுவர் அடிச்சுத் தாறதெண்டு கதை. இஞ்சால ஸ்ரோவ். அங்கால அறை."

"ஆருக்கு அறை?"

"உனக்குச் சின்னனிலை இழுப்பெல்லோ. புகை வராதோ எண்டு கடையிலை மூண்டுதரம் கேட்டவர்."

"ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

"நீ சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தவர்."

கைப்பேசி அதிர்ந்தது. சரியாக ஐந்து மணி. கடைப் பெண் எது என்று கேட்டாள்.

சின்னது என்றான். மாற்றியது தன்னுடைய பிழை, அப்பா அளந்தது சரி என்றான். பொருத்துவதற்கு என்றைக்கு ஆட்களை அனுப்பட்டும் என்று அவள் கேட்க, அம்மாவைப் பார்த்தான்.

"முப்பத்தொண்டாம் நாள் செபம் முடியட்டும்," என்றாள் கிளடிஸ். "அதுக்கு முதல் புது அடுப்பு மூட்டேலாது."

ஒரு மாதம் போகட்டும் என்று சொல்லிக் கைப்பேசியை வைத்தான். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பாய் மிச்சமிருந்தது. நேரே போனால் இரண்டு எட்டு. றோய் சுற்றிப் போய், கதவுக்கு விட்டிருந்த இடைவெளியால் உள்ளே நுழைந்து அதை எடுத்தான்.