உக்காத புடவை

இந்தக் காலத்து மனிதர்களுக்கு முகத்தில் கண் எதற்கு என்று முகைதீன்பாவாவுக்கு விளங்கவில்லை. காலுக்குக் கீழே கிடக்கும் வயலைப் பார்க்காமல், கண்ணுக்குத் தெரியாத பூச்சியைப் பற்றிக் கதைக்கிறார்கள். கதைக்கிறவனுக்குச் சம்பளம் வேறு.

அந்தச் சம்பளக்காரர், காரைதீவிலிருந்து சைக்கிளில் வரும் விவசாய உத்தியோகத்தர் அழகரெத்தினம்.

"காக்கா, மண்ணுக்குள்ள கோடி சீவன் இருக்கு. எதையும் உக்க வைச்சு மண்ணாக்கிறது அதுகள்தான். உப்புத்தண்ணி தேங்கினா அதுகள் செத்து, காத்தில்லாத சேத்தில வாழுற வேற கூட்டம் குடியேறிரும். இந்தக் கூழ்முட்டை நாத்தம் அதுகள்ட வேலை. இதில நெல்லு வேர் பிடிக்காது."

"நீங்க கண்டயா?"

"ஜின்ன நீங்க கண்டுதானா நம்புறீங்க?"

"அது குர்ஆன்ல இரிக்கி. உங்கட பூச்சி எதில இரிக்கி?"

"சரி, புடவைத்துண்டைப் புதைச்சுக் காட்டுறன். சீவன் இருக்கிற மண்ணில அது உக்கிரும்," என்று சிரித்தார் அழகரெத்தினம்.

உப்புத்தண்ணி என்ற சொல்தான் கிழவரைக் குத்தியது. போன மாரியில் வெள்ளம் வடிய முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டினார்கள். "கடல் பொங்கியிரிக்கி, பொறுடா," என்று அவருடைய காக்கா, கூடப்பிறந்த மூத்தவர் இப்றாஹிம், கையைப் பிடித்துத் தடுத்தார். கேளாமல் முதல் மண்வெட்டியைப் போட்டவர் முகைதீன்பாவா. இரண்டே நாளில் கடல் அவருடைய பள்ளவயலுக்குள் வந்துவிட்டது. மாதம் இரண்டில் இப்றாஹிமும் மௌத்தாகி அடக்கமாகிவிட்டார்.

கையில் ஒரு மூடை விதைநெல்தான் இருந்தது. பள்ளவயலில் போட்டு அழிந்தால் மேட்டுவயலுக்கும் இல்லை, வீட்டில் அடுப்பும் எரியாது.

பெட்டியிலிருந்து வெள்ளைப் புடவை கிழித்துக் கொடுத்தார். வயலுக்கொரு துண்டாகப் புதைத்தார்கள். நாற்பதாம் நாள் காலையில் தோண்டப் புறப்பட்டபோதுதான் மனைவி ஜுனைதா பெட்டியைத் திறந்து அலறினாள்.

"உங்கட காக்காவப் பொதிஞ்சி அடக்கின கபனுக்கு வாங்கி மிஞ்சின புடவையெல்லோ அது! அதையா மண்ணுக்குள்ள தாட்ட?"

அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டு நடந்தார்.

மேட்டுவயலில் நாலு நூலும் ஒரு மண்புழுவும் கிடைத்தன. பள்ளவயலில் கொக்குகூட இறங்கியிருக்கவில்லை. கால் வைத்த இடத்தில் குமிழிகள் ஒவ்வொன்றாக எழும்பி உடைந்தன, கீழே யாரோ அடக்கி வைத்த மூச்சை விடுவதுபோல. மண்வெட்டி கரிபோன்ற சேற்றைப் பிளந்தது. துண்டு மடித்த மடிப்போடு வந்தது. கறை கறுப்பாக ஏறியிருந்ததே தவிர, அவர் கிழித்த ஓரத்தில் ஒரு நூல் குறையவில்லை.

"உக்க வைக்க ஆளில்லை காக்கா. ரெண்டு மாரி மழை கழுவட்டும், விதைக்காதீங்க."

முகைதீன்பாவா துண்டைக் கையில் எடுத்தார். முகத்துவாரத்தில் காக்கா கையைப் பிடித்துத் தடுத்த பிடி இன்னும் மணிக்கட்டில் இருப்பதுபோல் இருந்தது.

"பூச்சியுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. எண்ட காக்கா கோவக்காரன். அவன்ட புடவைய இந்த மண் எப்பிடித் தொடும்?"

"அப்ப இதில விதைக்கப் போறீங்களா?"

"அவன் பொறு எண்டவன். அவனுக்காகப் பொறுக்கிறன். உங்களுக்காக இல்ல."

துண்டை அங்கேயே போட்டுவிட்டு மேட்டுவயல் பக்கம் நடந்தார். முதுகுக்குப் பின்னால் குமிழி ஒன்று உடைந்தது. திரும்பவில்லை.

"பூச்சியாம்," என்றார் வரப்பைப் பார்த்து.