நூறு எண்ணும் வரை

தோல் பதனிடும் ஷெட்டில், மாட்டுத்தோலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து ரகம் பிரிப்பது என் வேலை. இருபத்திரண்டு வருடமாகப் பிரிக்கிறேன். உண்ணி கடித்த புள்ளி, முள்வேலி கிழித்த கோடு, சாட்டைத் தழும்பு எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வட்டமாக, ஓரம் தடித்துத் தட்டுப்பட்டால் அது படை. உயிரோடிருந்தபோது அந்த மாட்டுக்கு வந்த படர்தாமரை. அப்படிப்பட்ட தோலை மூன்றாம் ரகத்தில் வீசிவிடுவேன்.

"உன் விரலுக்குக் கண்ணு முளைச்சிருக்குய்யா" என்பார் மேஸ்திரி.

அந்தக் கண்ணுள்ள விரல் என் மகள் தலையில் ஒரு மாதம் மேய்ந்தும் ஒன்றும் சொல்லவில்லை.

ஏழு வயது அவளுக்கு. இரட்டைச் சடை போட்டால் ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி இருக்கும். நான் வீடு திரும்பினால் துணி மாற்ற விடமாட்டாள். ஷெட்டு நாற்றம் அடிக்கும் மடியிலேயே தலையை வைத்துக்கொண்டு வகுப்புக் கதையெல்லாம் அளப்பாள்.

உச்சியில் வட்டமாக முடி கொட்டியிருந்ததை என் மனைவிதான் பார்த்தாள்.

"புழுவெட்டுங்க. வெங்காயத்தை அறுத்துத் தேய்ச்சா சரியாயிரும்."

பத்து நாள் தேய்த்தாள். தலை நாறியதுதான் மிச்சம். காதுக்குப் பின்னால் இன்னொரு சின்ன வட்டமும் வந்து சேர்ந்தது. வகுப்பில் 'வெங்காய மொட்டை' என்று பெயர் வைத்தார்கள். டீச்சர் அவளைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்காரவைத்தார். பிறகு ஒரு நாள் பையைக் கையில் கொடுத்து வீட்டுக்கே அனுப்பிவிட்டார். முடி முளைத்தால்தான் வகுப்பு.

தோல் டாக்டரம்மா விளக்கை இழுத்துவைத்துப் பார்த்தார்.

"புழுவெட்டுன்னா வழுவழுன்னு இருக்கும். இது செதில் செதிலா உரியுது பாருங்க. முடியும் ஒடிஞ்சு கருப்புப் புள்ளியா நிக்குது. பின்கழுத்துல நெறி கட்டியிருக்கு. தலையில வர்ற படர்தாமரைங்க இது. பூஞ்சை." செதிலைச் சுரண்டிச் சோதனைக்கு அனுப்பிவிட்டுக் கேட்டார்: "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னேன்.

"மாட்டுத்தோலா? அதுலேர்ந்தே ஒட்டியிருக்கலாம். இனிமே குளிச்சுட்டுப் பிள்ளையைத் தொடுங்க."

எட்டு வாரத்துக்கு மாத்திரை எழுதினார். "மேல பூசுறது முடி வேருக்குள்ள இறங்காது. உள்ளுக்குச் சாப்பிட்டாத்தான் சாகும். வேற எதையும் தடவாதீங்க. சீப்பும் துண்டும் தனியா இருக்கட்டும். முடி மெதுவாத்தான் வரும், அவசரப்படக்கூடாது. மாத்திரை ஆரம்பிச்சதும் பள்ளிக்கூடம் போகலாம்."

வெளியே வந்ததும் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எல்லா அப்பனும் புள்ளைக்கு முட்டாய் வாங்கிட்டு வருவான்" என்றாள்.

பள்ளிக்கூடம் வரலாம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை டீச்சர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எழுதுனவங்களே வந்து இவ பக்கத்துல உட்காருவாங்களா?"

மூன்று வாரம் போயிற்று. உச்சி வட்டம் அப்படியே இருந்தது. காலையில் பிள்ளைகள் எங்கள் ஜன்னலைத் தாண்டும்போது ஒருத்தன் 'வெங்காயம் விலை என்ன' என்று கத்துவான். மகள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள்.

எங்கள் ஷெட்டில் ஈரத்தோலை அடுக்கிவைத்தால் இரண்டே நாளில் பூஞ்சை பூத்துவிடும். அதற்கென்று நீலக் கேனில் ஒரு மருந்து வரும். தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் கலந்து, தோலை முக்கி, நூறு எண்ணி எடுப்போம். பிறகு ஆறு மாதம் கிடந்தாலும் பூஞ்சை தலைகாட்டாது. டாக்டர் வாயிலிருந்து பூஞ்சை என்று வந்த அன்றே அந்தக் கேன் என் கண்ணில் வந்து நின்றது. மூன்று வாரம் பொறுத்ததே பெரிது என்று நினைத்தேன்.

விடுமுறை நாள் காலையில், கேனிலிருந்து ஊற்றிக் கொண்டுவந்திருந்த பாட்டிலை எடுத்தேன். நன்றாக வேலை செய்யட்டும் என்று தண்ணீர் கலக்கவில்லை.

"என்னங்க அது?"

"ஷெட்டு மருந்து. எத்தனை தோலைக் காப்பாத்தியிருக்கு தெரியுமா?"

"எதையும் தடவாதீங்கன்னாங்களே."

"டாக்டரம்மா பூஞ்சையை விளக்கு வெச்சுப் பாத்தவங்க. நான் அதோட குடும்பம் நடத்துறவன்."

அவளும் பள்ளிக்கூட வாசலில் நின்று நின்று அலுத்தவள். வந்து மகளின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். நான் பிள்ளையை முழங்கால்களுக்கு நடுவே உட்காரவைத்தேன்.

"நூறு எண்ணு கண்ணு. எண்ணி முடிச்சதும் கழுவிரலாம். அப்புறம் பள்ளிக்கூடம்தான்."

"எனக்கு நூத்துக்கு மேலயும் தெரியும்ப்பா."

பிரஷ்ஷை நனைத்து உச்சி வட்டத்தில் பூசினேன். பத்து வரை பாட்டுப்போல எண்ணினாள். இருபதில் குரல் மாறியது.

"எரியுதுப்பா."

"எரிஞ்சாத்தான் சாகும். எண்ணு."

நாற்பதில் உதைக்கத் தொடங்கினாள். முழங்காலை இறுக்கினேன். ஐம்பதுக்கு மேல் எண்களுக்கு நடுவே மூச்சு மட்டும் வந்தது. ஆனாலும் ஒரு எண்ணைக்கூட விடவில்லை, கெட்டிக்காரி. அறுபத்தெட்டுக்குப் பிறகு வெறும் அலறல்தான்.

"போதுங்க, விடுங்க!" மனைவி கைகளை விட்டுவிட்டாள். பிள்ளை திமிறினாள். காதுக்குப் பின்னால் பூச முடியவில்லை. நான் தலையை விடவில்லை. அறுபத்தொன்பது, எழுபது என்று நானே எண்ணினேன். பாதியில் எடுத்த தோலில் பூஞ்சை திரும்ப வரும். அது எனக்குத் தெரியும். நூறு என்றால் நூறு.

கழுவியபோது உச்சி வெளுத்திருந்தது. மதியத்துக்குள் கொப்புளம் கட்டி உடைந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். அங்கேயும் டாக்டர்களைக் கேட்டுக்கொண்டு, படர்தாமரை மாத்திரையை மட்டும் மனைவி ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. என்னோடு பேசுவதைத்தான் விட்டுவிட்டாள்.

புண் ஆறிய பிறகு, பெரிய ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்துப் பள்ளிக்கூடம் சேர்த்துக்கொண்டது. இப்போது அவளுக்கு 'வெந்த மொட்டை' என்று பெயர். முடி முளைத்துவிட்டால் எந்தப் பெயரும் நிற்காது என்று அவளிடம் சொல்லிவைத்தேன். அதைக் கேட்டுவரத்தான் மறுபடி தோல் டாக்டரிடம் போனோம்.

அவர் முதலில் காதுமடலை மடக்கிக் காட்டினார். நான் பூசாமல் தப்பிய அந்தச் சின்ன வட்டம் இருந்த இடமே தெரியவில்லை. அருகம்புல் மாதிரி அடர்த்தியாக முடி.

"மாத்திரை வேலை செஞ்சிருக்கு" என்றார். "உச்சியிலயும் இப்படித்தான் வந்திருக்கும்."

"இனிமே உச்சியில வருமாம்மா?"

கேட்டிருக்க வேண்டியதில்லை. கேட்டுக்கொண்டே கட்டைவிரலை வைத்துவிட்டேன். விரல் பட்டதும் மகளின் தோள் இரண்டும் காது வரை ஏறின. ஒரே தடவல்தான். வேர்க்குழி செத்த தோல் எப்படி வழுக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அப்படிப்பட்டதை நான் எந்த ரகத்தில் போடுவேன் என்பதும் எனக்குத் தெரியும்.

டாக்டர் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"எவ்வளவு நேரம் வெச்சிருந்தீங்க?"

மகள்தான் நிமிர்ந்து, டீச்சருக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள்.

"நான் அறுபத்தெட்டு வரைக்கும் எண்ணுனேன். மீதியை அப்பா எண்ணுனாரு."